போன் இருக்கிறது, சரி, பிறகு? பழங்குடிகளின் டிஜிட்டல் இடைவெளியை அளப்பது எப்படி

மதுரையில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர் "குழாய் இருக்கிறதா?" என்ற ஒரே கேள்வியோடு திரும்பிவிட மாட்டார். எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விடுகிறார்கள், விடியற்காலையா நள்ளிரவா, மாடிக்கு ஏறுமா, கீழே போய்க் குடத்தில்தான் பிடிக்க வேண்டுமா, வராத நாளில் லாரித் தண்ணீருக்கு என்ன செலவாகும், போர்த் தண்ணீர் உப்பா, அதில் பருப்பு வேகுமா என்று வீட்டுக்காரரைக் குடைந்து எடுத்துவிடுவார். குழாய் வேறு, தண்ணீர் வேறு என்பது அனுபவத்தில் கற்றது.

அதே மனிதர் டீக்கடையில் நிற்கும்போது பேச்சு மலைவாழ் மக்கள் பக்கம் திரும்பினால், "இந்தக் காலத்தில் யாரிடம் செல்போன் இல்லை? ஆடு மேய்க்கிறவர் கையில்கூட இருக்கிறது" என்று ஒரே வரியில் வழக்கைத் தள்ளுபடி செய்துவிடுவார். நானும் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். திண்டுக்கல்லில் பஸ் ஏறி, 18 கொண்டை ஊசி வளைவுகள் வழியாகச் சிறுமலைக்குப் போகும்போது, சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக உதிர்வதைப் பார்த்தபிறகுதான் வாயை மூடினேன்.

மதுரையைச் சுற்றியுள்ள மலைகளில், சிறுமலையிலும் கொடைக்கானல் மலைகளிலும் வருசநாட்டிலும் சதுரகிரி அடிவாரத்திலும், பளியர்கள் வாழ்கிறார்கள். போடி மலைப்பக்கம் முதுவர்கள். மதுரையிலேயே, பரவை சத்தியமூர்த்தி நகரில், காட்டுநாயக்கர் சமூகத்தினர். இவர்களுக்கும் இணைய உலகத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வது? அந்தத் தூரத்தை அளக்க எந்தக் கோலை எடுப்பது?

மூன்று அடுக்குகள்

டிஜிட்டல் இடைவெளி என்பது, கணினி, கைபேசி, இணையம் ஆகியவற்றால் பயன்பெறும் வாய்ப்பு ஒரு கூட்டத்தாருக்கும் இன்னொரு கூட்டத்தாருக்கும் ஏற்றத்தாழ்வாக இருப்பது. 1990களில் இந்தப் பேச்சு தொடங்கியபோது, யார் வீட்டில் கணினி இருக்கிறது, யார் வீட்டில் இல்லை என்று எண்ணினாலே போதும் என்று நினைத்தார்கள். இன்று ஆய்வாளர்கள் மூன்று அடுக்குகளாகப் பிரிக்கிறார்கள்.

முதல் அடுக்கு அணுகல். கருவி இருக்கிறதா, சிக்னல் வருகிறதா, ரீசார்ஜ் செய்யக் காசு இருக்கிறதா என்பது. இரண்டாவது திறனும் பயன்பாடும். கையில் இருப்பதைக் கொண்டு தானாக ஒரு காரியத்தைச் செய்துகொள்ள முடிகிறதா என்பது. மூன்றாவது பலன். அப்படிச் செய்ததால் வாழ்க்கையில் ஏதாவது கிடைத்ததா, கூலி ஒழுங்காக வந்ததா, சான்றிதழ் கைக்கு வந்ததா, தேனுக்கு இன்னும் பத்து ரூபாய் கூடுதலாகக் கிடைத்ததா என்பது.

வாடகை வீட்டுக்கே திரும்புவோம். தெருக்குழாயும் குடமும் லாரித் தண்ணீர்க் காசும் முதல் அடுக்கு. நள்ளிரவில் எழுந்து பிடித்துக் கொதிக்கவைப்பது இரண்டாவது. பருப்பு வெந்ததா என்பது மூன்றாவது. அந்த டீக்கடைப் பேச்சு முதல் அடுக்கின் பாதியிலேயே நின்றுவிடுகிறது. குடம் இருக்கிறது, ஆகவே சாம்பார் கொதிக்கிறது என்கிறது அது.

முதல் அடுக்குக்குள்ளேயே ஏமாற இடம் உண்டு. பாரத்நெட் என்ற மத்திய அரசின் கண்ணாடி இழைத் திட்டம் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் இணைப்பதை இலக்காகக் கொண்டது. கம்பி ஊராட்சி அலுவலகத்தைத் தொட்டதும் அந்த ஊராட்சி "இணைக்கப்பட்டது" என்று கணக்கில் ஏறிவிடும். மலையில் இருக்கும் பளியர் குடியிருப்பும் அதே ஊராட்சியில்தான் இருக்கும். ஆனால் நடுவில் ஒரு ஓடையும், யானை நடமாடும் காடும், சில மணி நேர நடையும் இருக்கும். பெரிய குழாய் தெருமுனை வரை வந்துவிட்டது என்பதற்கும் வீட்டில் தண்ணீர் வருகிறது என்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

கேள்வியை மாற்றினால் பதில் மாறும்

கணக்கெடுப்பு எண்களைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது எண்ணை அல்ல, கேள்வியை. ஒவ்வொரு அமைப்பும் ஒவ்வொன்றைக் கேட்கிறது.

தொலைபேசி அடர்த்தி என்ற ஒரு எண்ணை தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் வெளியிடுகிறது. 100 பேருக்கு எத்தனை இணைப்புகள் என்பதே அது. தமிழ்நாட்டில் அது 100-ஐத் தாண்டிய ஆண்டுகள் உண்டு. அதாவது ஆளுக்கு ஒன்றுக்கு மேல். அப்படியானால் பிறந்த குழந்தைக்கும் சிம் இருக்கிறதா? இல்லை. நகரத்தில் ஒருவர் இரண்டு மூன்று சிம் வைத்திருக்கிறார். எண்ணப்படுவது இணைப்பு, மனிதர் அல்ல.

2017-18இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்று, வீட்டுக்கு இணைய வசதி இருக்கிறதா என்று கேட்டது. கிராமப்புற இந்தியாவில் 14.9 சதவீத வீடுகளில் இருந்தது, நகரங்களில் 42 சதவீதம். அதே சுற்று ஐந்து வயதுக்கு மேற்பட்ட தனிமனிதர்களிடம், இணையத்தைப் பயன்படுத்தத் தெரியுமா என்றும் கேட்டது. கிராமத்தில் 13 சதவீதம், நகரத்தில் 37.1 சதவீதம். முதல் கேள்வி வீட்டைப் பற்றியது, இரண்டாவது ஆளைப் பற்றியது. வீட்டில் ஒரு போன் இருந்து, அது காலையில் அப்பாவின் சட்டைப் பையில் ஏறிக் காப்பித் தோட்டத்துக்குப் போய்விட்டால், அந்த வீடு வசதி உள்ள வீடு. அம்மாவும் பிள்ளைகளும் பகல் முழுவதும் வசதி இல்லாதவர்கள்.

2019-21இன் தேசிய குடும்பநல ஆய்வு இதைக் கொஞ்சம் நுணுக்கமாகப் பிடித்தது. "உங்கள் வீட்டில் போன் இருக்கிறதா" என்பதோடு நிற்காமல், "நீங்களே பயன்படுத்தும் போன் இருக்கிறதா" என்று 15 முதல் 49 வயதுப் பெண்களிடம் கேட்டது. நாடு முழுவதும் 54 சதவீதப் பெண்கள் ஆம் என்றார்கள். அவர்களிலும் 71 சதவீதம் பேரால்தான் குறுஞ்செய்தியைப் படிக்க முடிந்தது. வாழ்நாளில் எப்போதாவது இணையத்தைப் பயன்படுத்தியதுண்டா என்ற கேள்விக்கு ஆம் என்ற பெண்கள் 33.3 சதவீதம், ஆண்கள் 57.1 சதவீதம். "எப்போதாவது" என்ற சொல்லைக் கவனியுங்கள். திருவிழாவில் அண்ணன் மகன் போனில் ஒரு படம் பார்த்திருந்தாலும் ஆம்தான். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமோ கடந்த மூன்று மாதங்களுக்குள் பயன்படுத்தியவரைத்தான் பயனாளர் என்கிறது.

எதிர்ப்பக்கத்துப் பிழையும் உண்டு. கொழும்பைச் சேர்ந்த லர்ன்ஏசியா என்ற ஆய்வு அமைப்பு இந்தோனேசியாவில் கணக்கெடுத்தபோது, இணையம் பயன்படுத்துவதில்லை என்று சொன்னவர்களே பேஸ்புக் பார்ப்பதாகவும் சொன்னார்கள். இதைச் சிரித்துக் கடக்க வேண்டாம். நம் பக்கத்திலும் "நெட்டெல்லாம் நமக்குத் தெரியாது சார்" என்று சொல்லும் பெரியவர், இரவில் பேரன் போட்டுத் தரும் யூடியூப் கூத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரைப் பொறுத்தவரை இணையம் என்பது பிள்ளைகள் பரீட்சை முடிவு பார்க்கும் ஏதோ ஒன்று.

இதுவரை பார்த்தது: இணைப்பை எண்ணுவதும், வீட்டை எண்ணுவதும், ஆளை எண்ணுவதும் மூன்று வெவ்வேறு கணக்குகள். ஒன்றின் விடையை எடுத்து இன்னொன்றின் கேள்விக்குப் பதிலாக வைப்பதுதான் டீக்கடையிலும், சில நேரம் கூட்ட அரங்கிலும் நடக்கும் தவறு.

சராசரிக்குள் காணாமல் போகும் மலை

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மதுரை மாவட்டத்தில் பழங்குடியினர் 0.37 சதவீதம். மாநிலம் முழுவதும் சேர்த்தால் 7,94,697 பேர், 1.1 சதவீதம். இந்த 0.37 என்ற எண் ஒரு வேலை செய்கிறது. அதை ஒரு கணக்கில் பார்ப்போம்.

பழங்குடி அல்லாதவர்களில் 60 சதவீதம் பேர் இணையம் பயன்படுத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பழங்குடிகளில் ஒருவர்கூடப் பயன்படுத்தவில்லை என்றும் வைத்துக்கொள்வோம். மாவட்டச் சராசரி என்ன? 59.8. ஒரு சமூகம் முழுவதும் இருட்டில் இருந்தாலும் மாவட்ட அறிக்கையில் 0.2 புள்ளி குறையும், அவ்வளவுதான். அச்சில் அதை முழு எண்ணாக்கும்போது 60 என்றே போட்டுவிடுவார்கள்.

சரி, பழங்குடிகளைத் தனியாகப் பிரித்துக் காட்டலாமே? அங்கே மாதிரி என்ற சிக்கல் வருகிறது. மாதிரிக் கணக்கெடுப்பு என்பது எல்லோரையும் கேட்காமல் சிலரைக் கேட்டு எல்லோரையும் பற்றி ஊகிப்பது. ஒரு சோற்றுப் பதம். பானை முழுவதும் ஒரே அரிசியாக இருந்தால் அது சரிதான். மாவட்டத்தில் 1,000 பேரைக் குலுக்கல் முறையில் எடுத்தால், அதில் பழங்குடியினர் ஏறக்குறைய நான்கு பேர் வருவார்கள். அவர்களில் ஒருவர் பதிலை மாற்றிச் சொன்னால் "பழங்குடிகளின் இணையப் பயன்பாடு" ஒரே நொடியில் 25 புள்ளி ஏறும் அல்லது இறங்கும். உண்மையில் நிலைமை இன்னும் மோசம். பெரிய ஆய்வுகள் முதலில் ஊர்களைத் தேர்ந்தெடுத்து, பிறகு அந்த ஊர்களுக்குள் வீடுகளைத் தேர்ந்தெடுக்கின்றன. மலைக் குடியிருப்பு அந்தப் பட்டியலில் விழவே விழாமல் போக வாய்ப்பு அதிகம்.

இதற்கு மருந்து இருக்கிறது. சிறிய கூட்டத்தை அதன் விகிதத்துக்கு மேல் வேண்டுமென்றே அதிகமாகச் சேர்த்துக் கேட்பது ஒன்று. பிறகு மொத்தக் கணக்கில் அவர்களின் எடையை இயல்பு அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம். இன்னொன்று, குடியிருப்பு சிறியதுதானே, குலுக்கலே வேண்டாம், எல்லா வீட்டையும் கேட்டுவிடுவது. முப்பது வீட்டுக்கு மாதிரி எதற்கு? இரண்டு நாள் தங்கினால் முடியும் வேலை.

யார் பழங்குடி?

எண்ணத் தொடங்குமுன் இன்னொரு வேலி உண்டு: பட்டியல். கொடைக்கானல் மலைப்பக்கம் பளியருக்கு அருகிலேயே வாழும் புலையர்கள் அரசுக் கணக்கில் பட்டியல் சாதியினர். பழங்குடிப் பட்டியலில் சேர்க்கக் கோரிக்கொண்டிருக்கிறார்கள். ஒரே மலை, ஒரே சிக்னல் இல்லாமை, இரண்டு வெவ்வேறு கட்டங்கள். நரிக்குறவர்கள் 2023 தொடக்கத்தில் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்தார்கள். ஆகவே 2011இன் பழங்குடி எண்ணையும் இனி வரப்போகும் பழங்குடி எண்ணையும் அப்படியே பக்கத்தில் வைத்து "முன்னேற்றம்" என்று யாராவது சொன்னால், ஒரே கூட்டத்தைத்தான் இரண்டு முறையும் எண்ணினார்களா என்று கேளுங்கள்.

திட்டங்களும் பட்டியலைப் பார்த்தே வருகின்றன. 2023 நவம்பரில் தொடங்கிய பிரதமர் ஜன்மன் திட்டத்தில் கைபேசிக் கோபுரங்களும் அடக்கம். ஆனால் அது மிகவும் நலிவடைந்த பழங்குடிகள் என்ற உட்பிரிவுக்கு மட்டும். தமிழ்நாட்டில் அப்படி ஆறு சமூகங்கள். காட்டுநாயக்கர் அதில் உண்டு; பளியர் இல்லை.

மேலூர் கற்றுக்கொடுத்தது

மதுரைக்காரர்கள் மறந்துபோன ஒரு கதை இங்கே பொருந்தும். 2001இல், செல்போனே பலருக்கு ஆடம்பரமாக இருந்த காலத்தில், மேலூர் வட்டாரக் கிராமங்களில் இணைய மையங்கள் திறக்கப்பட்டன. சென்னை ஐஐடியில் உருவான கம்பியில்லாத் தொழில்நுட்பம், அமெரிக்காவின் எம்ஐடி, ஹார்வர்டு பல்கலைக்கழகங்களின் பங்கேற்பு, உள்ளூர் இளைஞர்கள் நடத்தும் கடைகள் என்று அமைந்த அந்தத் திட்டத்தின் பெயர் சாரி. மின்னஞ்சல் அனுப்பலாம், வட்டாட்சியர் அலுவலகத்துக்குச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பிக்கலாம், கண்ணைப் படம் எடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி ஆலோசனை கேட்கலாம். உலகமெங்கும் கட்டுரைகளில் மேலூர் பெயர் அடிபட்டது.

அன்று ஒருவர் "இந்த ஊரில் இணையம் இருக்கிறதா?" என்று கேட்டிருந்தால் பதில் ஆம். ஆனால் ஆய்வாளர்கள் மையங்களுக்குள் யார் வருகிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். ஊரில் சிறு பங்கு வீடுகளே பயன்படுத்தின. வந்தவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள், ஆண்கள், மாணவர்கள், ஓரளவு வருமானமும் படிப்பும் உள்ள, சமூகத்தில் மேலே இருக்கும் குடும்பத்தினர். முன்பே மேடாக இருந்த இடத்தில்தான் மண் மேலும் சேர்ந்தது. ஆனால் ஒரு விதிவிலக்கு. ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்புக்குப் பக்கத்தில் மையம் இருந்து, அந்தச் சமூகத்திலேயே அக்கறையுள்ள ஒருவர் முன்நின்ற இடங்களில் அவர்களும் வந்தார்கள்.

இணையம் ஊருக்குள் வந்துவிட்டது என்றால் போதாது. எந்தத் தெருவில் வந்தது? நம் ஊர்களில் தெரு என்பது வெறும் தூரம் அல்ல என்பது எல்லோருக்கும் தெரியும், எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டம் கிடையாது. பின்னாளில் அந்த மையங்களில் பல மூடப்பட்டன. திறப்பு விழா அன்று மட்டும் எண்ணுகிற பழக்கத்துக்கு அதுவும் ஒரு பதில்.

மேலூர் மலை அல்ல, அங்கே நான் சொன்னவர்கள் பழங்குடிகளும் அல்ல. அளக்கும் முறைக்காகத்தான் சொன்னேன்.

பாடங்களைக் கூட்டுவதா, பெருக்குவதா?

பல அளவுகளைச் சேர்த்து ஒரே மதிப்பெண்ணாகத் தருவதைக் கூட்டுக் குறியீட்டெண் என்கிறார்கள். பத்திரிகைகளுக்கு இது பிடிக்கும், மாவட்டங்களை வரிசைப்படுத்திவிடலாம். சேர்க்கும் விதத்தில்தான் சூது இருக்கிறது.

ஒரு குடியிருப்புக்குச் சிக்னலில் 0.9, கருவியில் 0.8, தானே பயன்படுத்தும் திறனில் 0.1 என்று மதிப்பெண் வந்ததாகக் கற்பனை செய்வோம். மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 0.6. முதல் வகுப்பில் தேறிவிட்டது! மூன்றையும் பெருக்கிக் கனமூலம் எடுத்தால் ஏறத்தாழ 0.42. ஏன் இவ்வளவு வித்தியாசம்? கூட்டும்போது ஒன்றின் குறையை இன்னொன்று மறைத்துவிடும். பெருக்கும்போது மறைக்க முடியாது. ஒன்று பூஜ்யமானால் எல்லாம் பூஜ்யம். டீசல் நிறைய இருக்கிறது, டயர் புதிது, ஓட்டுநர் இல்லை என்றால் பஸ்ஸுக்கு மூன்றில் இரண்டு மதிப்பெண் போட முடியுமா? ஐக்கிய நாடுகளின் மனித வளர்ச்சிக் குறியீடு 2010இல் இந்தக் காரணத்தை ஒட்டித்தான் கூட்டலை விட்டுப் பெருக்கலுக்கு மாறியது.

இடைவெளி குறைந்ததா, கூடியதா?

இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். சமவெளியில் 40 சதவீதம், மலையில் 10 சதவீதம் என்று இருந்தது, சில ஆண்டுகளில் 70, 30 என்று ஆகிறது என்று கொள்வோம். விகிதத்தைப் பார்த்தால் நான்கு மடங்காக இருந்தது ஏறத்தாழ 2.3 மடங்காக இறங்கியிருக்கிறது. வித்தியாசத்தைப் பார்த்தால் 30 புள்ளி 40 புள்ளியாக ஏறியிருக்கிறது. ஆளுங்கட்சி முதலாவதைச் சொல்லும், எதிர்க்கட்சி இரண்டாவதைச் சொல்லும், இருவரும் பொய் சொல்லவில்லை. நேர்மையான அறிக்கை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருக்கும்.

சுருக்கிச் சொன்னால்: யாரைக் கேட்டார்கள், என்ன கேட்டார்கள், எப்படிச் சேர்த்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள் என்ற நான்கும் தெரியாத வரை ஒரு சதவீதம் வெறும் எண்தான்.

மலைக்கு ஏற்ற கேள்விகள்

கருவியைக் கேட்பதை விடக் காரியத்தைக் கேட்பது நல்லது என்பது என் கருத்து. 100 நாள் வேலைக்கு 2023 ஜனவரி 1 முதல் கைபேசிச் செயலி வழியாக, புகைப்படத்துடன் வருகைப் பதிவு கட்டாயமாக்கப்பட்டது. ரேஷன் கடையில் கைரேகை இயந்திரம் இருக்கிறது. இணையம் என்பது இவர்கள் விரும்பினால் எடுத்துக்கொள்ளும் வசதியாக இல்லை. கூலிக்கும் அரிசிக்கும் நடுவில் நிற்கும் கதவாகிவிட்டது. எனவே கேட்க வேண்டியது: போன மாதம் அந்தக் கதவு எத்தனை முறை திறக்கவில்லை? திறக்காதபோது என்ன செய்தீர்கள்? யார் உதவினார்கள், அதற்குக் காசு கொடுத்தீர்களா?

காசு என்றதும் ரீசார்ஜ். அகண்ட அலைவரிசைக்கான ஐ.நா. ஆணையம், அடிப்படை இணையச் செலவு ஒரு நாட்டின் தனிநபர் மாத வருமானத்தில் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. மாத வருமானம் என்ற கருத்தே மலையில் தடுமாறும். தேன் எடுக்கும் பருவத்தில், காப்பி பறிக்கும் பருவத்தில் கையில் பணம் புழங்கும். மற்ற மாதங்களில் கடன். திட்டமோ 28 நாளுக்கு ஒருமுறை கெடு வைக்கிறது. நெடுநாள் பயன்படுத்தாத எண் துண்டிக்கப்படும், பிறகு வேறொருவருக்குப் போய்விடும். ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் பதிந்திருப்பது அந்தப் பழைய எண். ஒருமுறைக் கடவுச்சொல் (ஓடிபி) இவருக்கு வர வேண்டியது எங்கோ முகம் தெரியாத ஒருவரின் போனில் ஒலிக்கும். "போன் இருக்கிறதா?" என்று கேட்டால் இவர் இருக்கிறது என்பார். "ஆதாரில் பதிந்த எண் இன்னும் உங்களிடம் இருக்கிறதா?" என்று கேட்டால்தான் கதை வெளியே வரும். என்னிடம் ஒரே ஒரு கேள்விக்குத்தான் இடம் என்றால் இதைத்தான் கேட்பேன்.

படிப்பு இன்னொன்று. 2011இல் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.1 சதவீதம், பழங்குடியினரிடம் 54.3. எழுத்துக்களால் ஆன செயலியை இவர்களிடம் நீட்டிவிட்டு, திறன் குறைவு என்று மதிப்பெண் போடுவது எந்த நியாயம்? குரல் செய்தி அனுப்பத் தெரியுமா என்று கேட்டால் மதிப்பெண் வேறாக இருக்கலாம்.

எல்லாக் குறையையும் இடைவெளியின் தலையில் கட்டவும் கூடாது. காட்டுநாயக்கர் மாணவர்கள் சாதிச் சான்றிதழுக்காக ஆண்டுக்கணக்கில் போராடுகிறார்கள். விண்ணப்பம் இணையத்தில் சில நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிடும். நிற்பது அதற்கு அப்பால், மேசையில்.

கடைசியாக, தூரம். கணக்கெடுப்புப் படிவத்தில் "சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு எத்தனை கி.மீ." என்று ஒரே ஒரு கட்டம் இருக்கும். மலையில் யாரும் கிலோமீட்டரில் பேசுவதில்லை, நடக்கும் நேரத்தைத்தான் சொல்வார்கள். அதனால் அந்தக் கட்டத்தை அடித்துவிட்டு மூன்றாகப் பிரிக்க வேண்டும்: இறங்க எவ்வளவு நேரம், ஏற எவ்வளவு நேரம், தலையில் ரேஷன் அரிசியோடு ஏற எவ்வளவு நேரம்.